ம்... சொல்லுங்க ஆயா

கடைசியாக நீங்கள் 'ம்' சொன்னது யாரிடம்? கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள். மனைவியிடமா, மகனிடமா, போனில் அம்மாவிடமா? சரி, அவர்கள் என்ன சொன்னதற்கு 'ம்' சொன்னீர்கள்?

இரண்டாவது கேள்விக்குத்தான் பதில் வராது. எனக்கும் வராது. பேப்பர் படித்துக்கொண்டே ஒரு 'ம்', டி.வி. பார்த்துக்கொண்டே ஒரு 'ம்', இப்போது செல்போனைத் தேய்த்துக்கொண்டே ஒரு 'ம்'. ஒரு நாளைக்கு இப்படி எத்தனை உதிர்க்கிறோம் என்று யாரும் கணக்கு வைப்பதில்லை. வைக்க வேண்டிய அவசியமும் இல்லை என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஒரே ஒரு 'ம்' எனக்கு ஆதாரத்தோடு மாட்டியது. அது ஒரு கேசட்டில் பதிவாகியிருந்தது. என் குரலில்.

2004 அக்டோபர். நண்பன் ஒருவனுக்கு ஜவ்வாது மலையைப் பற்றி ஒரு குறும்படம் எடுக்க ஆசை. ஆசை அவனுடையது, கேமரா சிங்கப்பூரிலிருந்து விடுமுறையில் வந்திருந்த அவன் அண்ணனுடையது, கேமராமேன் நான். எனக்கு அந்தத் தகுதி எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். எங்கள் மூன்று பேரில் எனக்குத்தான் கை நடுங்காது. அவ்வளவுதான்.

வேலூரிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர் போனால் அமிர்தி. ஜவ்வாது மலையின் காலடி. 1967-ல் தொடங்கிய சின்ன உயிரியல் பூங்கா ஒன்று இருக்கிறது. மழைக்காலமென்றால் காட்டுக்குள்ளே அருவியும் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் வேலூர்க்காரர்கள் புளியோதரை தூக்குவாளியோடு வந்து, மானைப் பார்த்து, குளித்துவிட்டுப் போவார்கள். நாங்கள் போனது ஒரு வார நாள். கூட்டமில்லை. பூங்கா வாசல் பக்கம் ஒரு ஆயா கூடையில் சீத்தாப்பழம் வைத்து உட்கார்ந்திருந்தார். மேலே மலைக் கிராமத்திலிருந்து இறங்கி வந்தவர்.

"ஆயா, உங்க காலத்துல இந்த மலை எப்படி இருந்துச்சு, சொல்லுங்களேன்" என்றான் நண்பன்.

ஆயா சொன்னார். அருமையாகச் சொன்னார் என்று எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அந்த நேரத்தில் எனக்கு என்ன தெரியும்? வ்யூ ஃபைண்டரில் பேட்டரிக் குறி சிவப்பாக மினுங்கியது தெரியும். பின்னால் மரத்தின் இடைவெளியில் வெயில் அடித்து முகம் கறுத்தது தெரியும். ஆயா நடுவில் நிறுத்தும்போதெல்லாம் "ம்... சொல்லுங்க ஆயா" என்றேன். கேசட் முடிந்தது, நன்றி சொன்னோம், ஒரு கூடைப் பழமும் வாங்கினோம். பழத்துக்குப் பேரம் பேசவில்லை என்பதில் எனக்கு ரொம்ப நாள் ஒரு பெருமை இருந்தது.

கேசட்டுகள் மூன்று. மினி டி.வி. என்று அதற்குப் பெயர். இந்த 'டி.வி.' டெலிவிஷன் இல்லை, டிஜிட்டல் வீடியோ. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு, ஒன்றில் ஒரு மணி நேரம் பிடிக்கும். மூன்றும் என் மேஜை இழுப்பறையில் ஏழு மாதம் தூங்கின. 'நேரம் கிடைக்கும்போது கம்ப்யூட்டருக்கு ஏத்திக்கலாம்.' நேரம் என்பது சொந்தக்காரர் மாதிரி வீடு தேடி வரும் என்று நினைப்பு.

2005 மே மாதம் ஒரு வழியாக உட்கார்ந்தேன். என் கம்ப்யூட்டரில் இருந்தது நாற்பது ஜிபி டிஸ்க். இந்த வகை வீடியோ ஒரு மணி நேரத்துக்குப் பதின்மூன்று ஜிபி தின்னும். மூன்று கேசட்டைப் போட்டால் விண்டோஸுக்கே இடமிருக்காது. எனவே சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் வெளியே வைக்கிற டிஸ்க் ஒன்றும், ஃபயர்வயர் கார்டும், கேபிள்களும் வாங்கினேன். ஃபயர்வயர் என்பது அந்த நாளில் வீடியோ கேமராவையும் டிஸ்க்கையும் கம்ப்யூட்டரோடு சேர்க்கிற கம்பி. ஆப்பிள் கம்பெனி தொடங்கி, சோனி முதலான பலர் சேர்ந்து செய்து, 1995-ல் ஒரு பொதுத் தரமாக ஆனது. சோனி அதற்கே 'ஐ-லிங்க்' என்று தனிப் பெயர் சூட்டிக்கொண்டது. ஒரு பிள்ளைக்கு அப்பா வீட்டில் ஒரு பெயர், மாமா வீட்டில் ஒரு பெயர் மாதிரி.

இந்தக் கம்பியின் விசேஷம், ஒன்றின் வாலில் ஒன்றாகக் கோத்துக்கொண்டே போகலாம். ரயில் பெட்டி மாதிரி. கம்ப்யூட்டரையும் சேர்த்து அறுபத்து மூன்று சாதனங்கள் வரை தாங்கும் என்கிறது தரம். எனக்கு இருந்தது இரண்டு: ஒரு கேமரா, ஒரு டிஸ்க். அதற்கே தடுமாறினேன். கடைப் பையன்தான் சொல்லி அனுப்பினான்: "சார், கம்ப்யூட்டர், அடுத்து டிஸ்க், கேமரா கடேசியில. மாத்திடாதீங்க."

ஏன் என்று வீட்டுக்கு வந்து பார்த்ததும் புரிந்தது. டிஸ்க்குக்குப் பின்னால் இரண்டு துளை: ஒன்றில் வாங்கி மற்றதில் கடத்தும். கேமராவுக்கு ஒரே துளை. அதற்குத் தன் கதையைச் சொல்ல மட்டும்தான் தெரியும், அடுத்தவர் பேச்சைக் கடத்தத் தெரியாது. அதனால் வரிசையில் கடைசி. வேடிக்கை என்னவென்றால், கேமரா அனுப்புகிற படம் டிஸ்க் வழியாகவே புகுந்து கம்ப்யூட்டருக்குப் போய், அங்கே ஃபைலாகி, வந்த வழியே திரும்பி அதே டிஸ்க்குக்குள் போய்ப் படுக்கிறது. நம் அரசாங்க அலுவலகங்களில் மனு போகிற பாதை ஞாபகம் வரும்.

ஒரே கம்பியில் இத்தனையும் மோதாதா? மோதாமல் இருக்க ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். விநாடியை எட்டாயிரம் கூறாக நறுக்கி, ஒவ்வொரு கூறிலும் ஐந்தில் நான்கு பங்கு வரை கேமரா மாதிரி நேரலையாகப் பேசுகிறவர்களுக்கு ஒதுக்கலாம். மிச்சம் டிஸ்க் மாதிரி சாவகாசமாகப் பேசுகிறவர்களுக்கு. இரண்டு பேச்சுக்கும் சட்டமே வேறு.

டிஸ்க் பேசுவது பதிவுத் தபால். அந்தக் காலத்துப் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டை திரும்பி வருமே, அது போல. ஒரு பொட்டலம் போகும். வாங்கியவர் பிரித்து, உள்ளே எதுவும் சிதையவில்லை என்று பார்த்து, 'கிடைத்தது' என்று பதில் அனுப்புவார். பதில் வரும்வரை அனுப்பியவர் தன் பிரதியைக் கையிலேயே வைத்திருப்பார். வரவில்லையா, திரும்ப அனுப்புவார். லேட்டாகலாம், தொலையாது.

கேமரா பேசுவது ரேடியோ கிரிக்கெட் வர்ணனை. நீங்கள் கேட்டாலும் சரி, காபி போடப் போனாலும் சரி, அடுத்த பந்து போட்டாகிவிட்டது. இதற்கு இன்ஜினியர்கள் 'ஐசோக்ரனஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நேரத்துக்கு உத்தரவாதம் உண்டு. போய்ச் சேர்ந்ததா என்பதற்குக் கிடையாது. 'கிடைத்ததா?' என்று கேமரா கேட்பதில்லை, 'என்ன சொன்னீங்க, இன்னொரு வாட்டி சொல்லுங்க' என்று கம்ப்யூட்டரும் கேட்பதில்லை. விநாடிக்கு இருபத்தைந்து படம், அது பாட்டுக்கு வந்துகொண்டே இருக்கும். வாங்குகிறவன் அரை விநாடி வேறு பக்கம் திரும்பினால் பன்னிரண்டு படம் போச்சு.

திரும்பினேன். நானே. கேசட் ஓடிக்கொண்டிருக்க, சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று பழைய பாட்டு ஃபைல்களை அதே டிஸ்க்குக்கு மாற்ற ஆரம்பித்தேன். ஓட்டம் முடிந்ததும் கம்ப்யூட்டர் நேர்மையாக ஒரு கணக்குக் காட்டியது: விட்டுப்போன படங்கள் பதினொன்று. கம்பியில் இடமில்லாமல் இல்லை. நானூறு மெகாபிட் போகிற பாதையில் கேமராவுக்கு வேண்டியது முப்பத்துச் சொச்சம்தான். எழுத வேண்டிய டிஸ்க்கின் கவனம் சிதறியது, அவ்வளவே.

பதினொரு படம் என்பது அரை விநாடிகூட இல்லை. ஆனால் ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. பாட்டுகளை நிறுத்தி, ரீவைண்ட் பண்ணி, முதலிலிருந்து ஓடவிட்டேன். ஒரு மணி நேரக் கேசட்டை ஏற்ற ஒரு மணி நேரம் ஆகும். வேகமாக ஏற்ற வழி கிடையாது. வேறு எந்த வேலையும் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கக் கூடாது. ஆக, அந்த ஒரு மணி நேரம் ஸ்பீக்கரில் வந்ததைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அமிர்தி ஆயா பேசியதை முதன்முறையாகக் கேட்டது அப்போதுதான்.

சின்னப் பெண்ணாக இருக்கும்போது தலைச்சுமையாகச் சாமை எடுத்துக்கொண்டு ராத்திரியே மலை இறங்கியது, வழியில் பயத்துக்கு அக்காவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டது, விற்ற காசில் கண்ணாடி வளையல் வாங்கி, அதை ஏறும்போது கல்லில் தட்டி உடைத்துக்கொண்டு அழுதது. எல்லாம் சொல்கிறார். நடுவில் நிறுத்துகிறார். கேமராவைப் பார்க்கிறார். கேட்கிறார்:

"ஏங் கண்ணு, இதுல நாம் பேசுனது எனக்குங் கேக்குமா?"

என் குரல், உடனே, தயக்கமே இல்லாமல்:

"ம்... சொல்லுங்க ஆயா."

ஆயாவின் முகத்தில் ஒரு சந்தோஷம் வருகிறது பாருங்கள். கேமராவுக்காக வந்ததில்லை அது. தலையை ஆட்டிக்கொண்டு மேலே சொல்லிக்கொண்டே போகிறார். அதன் பிறகு அந்தக் கேள்வியை அவர் கேட்கவே இல்லை. ஏன் கேட்கணும்? பதில்தான் வந்துவிட்டதே.

இதில் என்னைக் குத்தியது எது தெரியுமா? அதை அங்கேயே காட்டியிருக்கலாம். கேமராவின் பக்கவாட்டில் உள்ளங்கை அளவுக்கு ஒரு திரை இருந்தது. கொஞ்சம் ரீவைண்ட் பண்ணி, திரையை அவர் பக்கம் திருப்பினால் முடிந்தது. இரண்டு நிமிஷ வேலை. கம்ப்யூட்டர் வேண்டாம், டிஸ்க் வேண்டாம், கம்பி வேண்டாம்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். காதில் வாங்காமல் சொன்ன 'ம்' ஒரு வாக்குறுதியா?

'இல்லை' என்று உடனே சொல்வீர்கள். கேள்வியே மனசில் ஏறவில்லை, சம்மதிக்கும் எண்ணமும் இல்லை, இது எப்படி வாக்கு ஆகும்? தூக்கத்தில் தலையாட்டியவனிடம் சொத்து எழுதி வாங்க முடியுமா? நியாயம்தான்.

ஆனால் ஜே.எல். ஆஸ்டின் என்று ஒரு ஆக்ஸ்ஃபோர்டு தத்துவ ஆசிரியர் இருந்தார். 1955-ல் ஹார்வர்டில் அவர் பேசிய சொற்பொழிவுகள் அவர் இறந்தபின் 1962-ல் புத்தகமாக வந்து பெயர் பெற்றன. வாக்குக் கொடுப்பது என்பது மனசுக்குள் நடக்கிற ரகசியக் காரியம் அல்ல, சொல்வதே செய்வது என்பது அவர் கட்சி. 'வாய்தான் சொன்னது, மனசு சொல்லவில்லை' என்ற சாக்கை அனுமதித்தால் உலகத்தில் உள்ள அத்தனை மோசடிக்காரனும் அதே கதவு வழியாகத் தப்பிப்பான் என்றார். கெட்ட எண்ணத்தோடு கொடுத்த வாக்கும் வாக்குதான். சரி ஐயா, எனக்குக் கெட்ட எண்ணம்கூட இல்லையே, எண்ணமே இல்லையே, அதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று அவரிடம் கேட்க ஆசை.

எனக்கு அதற்கு வெளிச்சம் தந்தது, சிரிக்காதீர்கள், அந்த டிஸ்க்கின் ஒப்புகை அட்டைதான். ஒப்புகை எதற்கு? வாங்கியவரைப் பற்றிய சான்றிதழ் இல்லை அது. அனுப்பியவருக்கு 'இனி உன் பிரதியை நீ கீழே போடலாம்' என்கிற அனுமதி. கிடைக்காமலே 'கிடைத்தது' என்று ஒருவன் கையெழுத்துப் போட்டால், பொட்டலம் இரண்டு பக்கத்திலும் இல்லாமல் போகிறது. பதிலே சொல்லாமல் இருந்திருந்தாலாவது அனுப்பியவர் மறுபடி முயன்றிருப்பார். நான் பேசாமல் பேட்டரியைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஆயா இன்னொரு தடவை கேட்டிருப்பார். நண்பனிடமாவது கேட்டிருப்பார். அந்த 'ம்' அவர் வாயை அடைத்துவிட்டது. நான் என்ன நினைத்தேன் என்பது இங்கே பிரச்னையே இல்லை. அதை நம்பி அவர் எதைக் கைவிட்டார் என்பதுதான் பிரச்னை. அவர் கைவிட்டது ஒரு கேள்வியை. அந்தக் கடன் என் தலையில்தான்.

நம் பாட்டிகளுக்கு இது நன்றாகத் தெரியும். கதை சொல்லும்போது 'உம் கொட்டு' என்பார்களே, எதற்கு? தூங்கிவிட்டானா என்று பார்க்க. கொட்டாவிட்டால் கதை நின்றுவிடும். அதைவிட, கொட்டுகிற உம் சரியான உம்மா என்று சோதிப்பார்கள். 'ராஜாவுக்கு ஏழு பொண்டாட்டி, ராணிக்கு ஏழு மீசை' என்று நடுவில் ஒன்றை நுழைத்துப் பார்ப்பார்கள். அதற்கும் 'உம்' வந்தால் முதுகில் ஒன்று விழும். வில்லுப்பாட்டில் பின்பாட்டுக்காரர் 'ஆமா' போடுவதும் வெறும் தாளத்துக்கு இல்லை. அவர் ஒவ்வொரு தடவையும் கதையின் முனையைப் பிடித்துத் திருப்பிக் கொடுக்கிறார்.

தமிழில் 'கேட்டேன்' என்றால் காதால் கேட்டதும் அதுதான், வாயால் வினவியதும் அதுதான். வள்ளுவர் 'கேள்வி' என்று தனி அதிகாரமே வைத்தார். அங்கே அது செவியின் வேலை; நாம் அதைப் பரீட்சைத் தாளின் வேலையாக்கிவிட்டோம். அமிர்தியில் ஆயா கேட்டார், நான் கேட்கவில்லை. ஒரே சொல்லை வைத்து முழு நிகழ்ச்சியையும் சொல்லிவிடலாம்.

'அதான் பதிவாயிடுச்சே, அப்புறம் என்ன?' என்று ஒருவர் சொல்லலாம். சொல்லலாம். அதில் உண்மையும் இருக்கிறது. அதே ஜவ்வாது மலையில் இன்னொரு பக்கம் காவலூர். அங்கே இப்போது வைணு பாப்பு பெயரில் இருக்கிற வானாய்வகத்தில், 1977 மார்ச் 10-ம் தேதி இரவு யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்தை ஒட்டிக் கடந்து போவதைப் பதிவு செய்தார்கள். எதிர்பாராத ஒரு நேரத்தில் நட்சத்திரம் சில விநாடி மங்கியது. பார்த்த பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் புதிய துணைக்கோள் என்று முதலில் எழுதினார்கள். பிறகு அதே பதிவை மறுபடி எடுத்து நுணுக்கிப் பார்த்ததில், கிரகத்தைச் சுற்றி வளையங்கள் இருப்பதன் அடையாளம் அதற்குள்ளேயே கிடந்தது. அந்த இரவு வேறு இடங்களிலிருந்து பார்த்தவர்களும் வளையங்களைக் கண்டார்கள். பதிவு இல்லாவிட்டால் காவலூருக்கு அந்த இரண்டாவது பார்வையே கிடைத்திருக்காது.

ஆனால் நட்சத்திரம் 'ஏங் கண்ணு' என்று யாரையும் கேட்பதில்லை. நீங்கள் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அதற்குக் கவலையில்லை. தாமதமாகப் புரிந்துகொண்டால் கோபித்துக்கொள்ளாது. சீத்தாப்பழக் கூடையோடு உட்கார்ந்திருப்பவர் விஷயம் அப்படியில்லை. அவருக்குப் பதில் தேவைப்பட்டது அன்றைக்கு, அந்த இடத்தில். பிறகு, காவலூர்க்காரர்கள் பதிவைத் திரும்ப எடுத்துப் பார்த்தார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். இன்று நம் செல்போனில் பேரன் பேசியது, தாத்தாவின் எண்பதாம் கல்யாணம் எல்லாம் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. ஒரு கம்பியைச் செருகினால் சில நிமிஷத்தில் எல்லாம் டிஸ்க்குக்குத் தாவிவிடும், ஒரு வார்த்தைகூட நம் காதில் படாமல். எனக்கு வாய்த்தது மெதுவான காலம். அதனால் மாட்டிக்கொண்டேன். வேகமாக ஏற்ற முடிந்திருந்தால் அந்த 'ம்' எனக்குத் தெரிந்தே இருக்காது.

மீதி இரண்டு கேசட்டுகளை ஏற்றவில்லை. கேமரா அண்ணனோடு சிங்கப்பூர் திரும்பிவிட்டது. குறும்படமும் எடுக்கப்படவில்லை. போன வருஷம் இழுப்பறையைத் துப்புரவு செய்தபோது கேசட்டுகள் கையில் தட்டுப்பட்டன. இன்றைய லேப்டாப்புகளில் அந்தத் துளையே கிடையாது. அந்தக் கம்பியைப் பெற்ற ஆப்பிளே 2025-ல் வந்த தன் மென்பொருளில் அதைக் கைகழுவிவிட்டது. அந்த இரண்டிலும் யார் யார் என்னென்ன கேட்டார்கள், நான் எதற்கெல்லாம் சரி என்றேன்? ஒரு டிராக்டர்காரர் முகம் மட்டும் மங்கலாக நினைவிருக்கிறது.

ஆயாவுக்காக ஒரு காரியம் செய்தேன். அவர் பேசியதை மட்டும் வெட்டி ஒரு விசிடி போட்டு, 2005 ஜூனில் அமிர்திக்குப் போனேன். தனியாக, பஸ்ஸில். வாசலில் ஆயா இல்லை. அவர் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் வேறொரு அம்மா பலாச்சுளை விற்றுக்கொண்டிருந்தார்.

"அதுக்கு முட்டி வலி. மலை எறங்கறதில்ல" என்றார்.

"ஊர் எவ்வளவு தூரம்மா?"

"நடந்தா ரெண்டு மூணு மணி நேரம் ஆவும்."

மணி மூன்றரை. ஆறு மணிக்கு வேலூர் பஸ். அன்றைய என் காரணம் அதுதான். இப்போது எழுதும்போது அது எவ்வளவு சின்னதாகத் தெரிகிறது. விசிடியை நீட்டினேன். அந்த ஊரில் டி.வி. இருக்கிறதா, விசிடி ப்ளேயர் யாரிடமாவது உண்டா என்றுகூட நான் கேட்கவில்லை.

"இதுல ஆயா பேசுனது இருக்குதும்மா. அவங்க கேக்கணும்னு சொன்னாங்க. மறக்காம குடுத்துடுவீங்களா?"

ஒரு குடும்பம் வந்து சுளை என்ன விலை என்று கேட்டது. அந்த அம்மா பத்து ரூபாய்க்கு எண்ணிப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு கையால் விசிடியை வாங்கிச் சாக்குக்கு அடியில் செருகினார். என்னைப் பார்க்கவில்லை.

"ம்" என்றார்.